குழலில் சிக்கிய குண்டை எடுக்கும் முறை

1

இது முதலில் கதை இல்லை. ஒரு பக்கத் துண்டுப் பிரசுரம். போன புரட்டாசியில் யூனியன் ஆபீசின் ஆடுகிற மேஜையில் ஒரே மூச்சில் எழுதினேன். 'நாட்டுத் துப்பாக்கியின் குழலில் குண்டு சிக்கிக்கொண்டால் பாதுகாப்பாக எடுப்பது எப்படி?' என்று தலைப்பு. எட்டு வரி. ஐந்நூறு பிரதி அச்சடித்து உரமூட்டையோடு ஊருக்கு நாலாகக் கொடுத்தால் போதும் என்று ஒரு குறிப்பும் சேர்த்திருந்தேன்.

மூன்றாம் நாள் மேலதிகாரியிடமிருந்து திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மை: 'துப்பாக்கி போலீஸ் இலாகாவைச் சேர்ந்தது. நமது வேலை விதை, உரம், கம்போஸ்ட் குழி. திருப்பப்படுகிறது.'

போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். ரைட்டர் நின்றுகொண்டே படித்தார். நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் பிரசுரம் போடுவது போலீஸ் வேலை இல்லை, செய்தி இலாகாவின் வேலை என்றார். செய்தி இலாகாவுக்கு எழுதினேன். பதில் இல்லை.

கதை என்று சொன்னால் அச்சடிக்கிறார்கள். எந்த இலாகாவையும் கேட்பதில்லை. ஒரு பெண் சாகிறாள் என்றால் இன்னும் சீக்கிரம் அச்சடிக்கிறார்கள். ஆகவே இது கதை.

இதில் வரும் பொன்ராஜ் நான்தான். முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நீங்களாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்பட வேண்டாம். செத்தவள் என் மனைவி. 'நான்' என்று எழுதினால் ஒரு வரி வரும்போது பேனா நின்றுவிடுகிறது. 'அவன்' என்று எழுதினால் அந்த வரியைத் தாண்ட முடிகிறதா என்று பார்க்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'சிறுமலையின் மேல் கார்த்திகை மாதத்து மேகம் இறங்கியிருந்தது. அடிவாரத்துக் கடலைக்காடுகள் எல்லாம்'

(நிறுத்திவிட்டேன். மேகம் யாரையும் கொல்லவில்லை.)

இரண்டாவது: 'சொர்ணலட்சுமிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சிரிக்கும்போது அவளுடைய'

(வேண்டாம். அவள் சிரித்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு எதற்கு?)

மூன்றாவது: 'ஈயக் குண்டு மயிரிழை பெரிதாக இருந்தது.'

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ஈயக் குண்டு மயிரிழை பெரிதாக இருந்தது.

நத்தம் ரோட்டில் மலையடிவாரத்தில் ஓர் ஊர். பெயரை எழுதவில்லை. எழுதினால் அந்த ஊரில்தான் இப்படிச் செய்வார்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகிவிடுவார்கள். பொன்ராஜுக்கு அது மாமனார் ஊர். கிராமசேவக்காக அவன் சைக்கிளில் சுற்றிவந்த பதினொரு ஊர்களில் அதுவும் ஒன்று. 1962, கார்த்திகை. கடலை பிடுங்க இன்னும் எட்டு நாள். மலையிலிருந்து இறங்கிய காட்டுப்பன்றிகள் மூன்று நாளில் அரைக் குறுக்க நிலத்தை உழுதுபோட்டதுபோல் கிளறிவிட்டிருந்தன.

மாமனார் ஆண்டிச்சாமியிடம் லைசென்ஸ் உள்ள ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்து, அதன்மேல் குண்டைப் போட்டுக் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். பின்பக்கம் ஒரு சிறு இரும்பு மூக்கு. அதில் 'கேப்பு' என்கிற சின்ன வெடிமூடியை மாட்டிக் குதிரையைத் தட்டிவிட்டால் நெருப்பு உள்ளே போய் மருந்து பற்றும். வழக்கமாக அவர் கடையில் ஈய ரவை வாங்குவார். அந்த மாதம் கடையில் ரவை இல்லை. சீனாக்காரன் சண்டையைக் காரணம் சொன்னார்களாம். அவர் பழைய லாரி பேட்டரியின் ஈயத்தை உருக்கி, மண்ணில் அச்சுக் குத்தித் தானே ஒரு குண்டு வார்த்தார்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பருவத்தின் முதல் மருந்தை வீட்டில் வைத்து ஏற்றமாட்டார்கள். காட்டோரத்தில் காவல்தெய்வமான கருப்பு நிற்கிற இடத்தில், சூடம் கொளுத்தி, அவன் பார்க்க ஏற்றுவார்கள். அப்படி ஏற்றியதை இறக்கக் கூடாது. கொடுத்ததைப் பிடுங்குவதுபோல் ஆகிவிடும். சுட்டுத்தான் தீர்க்க வேண்டும்.

அன்று காலை ஏற்றும்போது குண்டு பாதிக் குழலில் நின்றுவிட்டது. ஆண்டிச்சாமி கம்பியை எடுத்து எடுத்து இடித்தார். எல்லாம் சரியாக இறங்கியிருந்தால் கம்பி நாலு விரல்கடைதான் வெளியே தெரியும். ஒரு முழத்துக்கு மேல் தெரிந்தது.

சொர்ணலட்சுமி பன்றி கிளறிப்போட்ட கடலைச்செடியை உதறிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, பாதியில நிக்குது? உங்க மருமகன் எழுதுற ரிப்போர்ட்டு மாதிரி."

"நீ போயி உன் சோலியப் பாரு தாயி."

பக்கத்துக் காட்டுக்காரர் உடையப்பன் வரப்பில் குந்தியிருந்தார். ஆண்டிச்சாமிக்குத் தம்பி முறை. "எறக்கிரலாம்னு மட்டும் நெனைக்காதண்ணே. கருப்பு முன்னால ஏத்துனது. எறக்குனீன்னா பன்னி காட்டுக்கு வராது. நேரா உன் வீட்டுக்கு வந்து, இன்னிக்கு என்ன வெஞ்சனம்னு கேக்கும்."

"யாருடா எறக்கப் போறா? ஒரு கேப்பப் போட்டுத் தட்டுனாப் பறந்துரும்."

பொன்ராஜ் மதுரையில் பௌதிகம் படித்தவன். குண்டு மருந்தின் மேல் ஒட்டி உட்கார்ந்திருந்தால், வெடித்ததும் கூடவே நகரும். நடுவில் இடைவெளி இருந்தால் அப்படி இல்லை. வேகமெடுத்து வருகிற வாயு, அசையாமல் நிற்கிற குண்டில் வந்து முட்டும். அந்த இடத்தில் இரும்பு பிளக்கும். இது அவனுக்குத் தெரியும். பரீட்சையில் எழுதவில்லையே தவிர, தெரியும்.

"மாமா, குண்டு மருந்து மேல உக்காரல. நடுவுல எடம் கெடக்கு. சுட்டா குழலு தாங்காது."

"எடம் பத்தலைன்னாத்தான மாப்ள செரமம்? எடம் கெடந்தாக் காத்தாட இருக்குமுல்ல?"

உடையப்பன் தொடையில் தட்டிச் சிரித்தார். "காலேசுல துப்பாக்கியும் சொல்லிக் குடுத்தாகளா மாப்ள, இல்ல கம்போஸ்ட் குழியோட சரியா?"

பொன்ராஜும் சிரித்தான்.*

ஆண்டிச்சாமிக்கு மருமகனை ஒரேயடியாகத் தட்டிப் பேசவும் மனசில்லை. "சரி, மாப்ள பயப்படுறாரு. பனைமரத்துல கட்டிச் சணல வச்சு இழுப்போம். யாரு கையிலயும் இருக்காது. போதுமா?"

எல்லோருக்கும் போதுமாக இருந்தது. துப்பாக்கியைக் காட்டுப்பக்கம் பார்க்க வைத்துப் பனையோடு சேர்த்துக் கட்டினார்கள். முன்னால் யாரும் நிற்கக் கூடாது என்று உடையப்பன் கத்தினார். முன்னால், தூரத்தில், சொர்ணலட்சுமி செடி உதறிக்கொண்டிருந்தாள். அப்போது பொன்ராஜ்

(நின்றுவிட்டது. 'அவன்' என்று எழுதியும்.)

ஆண்டிச்சாமி சணலை இழுத்தார். குழல் நடுவில் பிளந்தது. உள்ளங்கை அளவு இரும்பு பக்கவாட்டில் பறந்து, எட்டுக் கஜ தூரத்தில் நின்ற சொர்ணலட்சுமியின் கழுத்தில் பட்டது.

* இந்தச் சிரிப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். மாப்பிள்ளை என்றால் மாமனார் வீட்டுக் கேலிக்குச் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் 'படிச்ச திமிரு' என்பார்கள். திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்கியிருக்கலாம். பெண்டாட்டி இருந்திருப்பாள்.

4

ஆண்டிச்சாமியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டும். முதல் பிரதியில் அவருக்குப் பெரிய மீசை வைத்தேன். இரண்டாவதில் சாராயம் ஊற்றிக்கொடுத்தேன். மூன்றாவதில் மகளை அடிக்கிறவராக்கினேன். எதுவும் ஒட்டவில்லை. அவருக்கு மீசை சரியாக வளராது. குடிப்பது நீர்மோர். மகளைத் 'தாயி' என்பதைத் தவிர வேறெப்படியும் கூப்பிட்டதில்லை.

நடந்ததை எழுதுகிறேன், நீங்களே வில்லனைத் தேடிக்கொள்ளுங்கள். அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நத்தம் ரோடுவரை ஒன்றரை மைல் ஓடினார். ஐம்பத்தாறு வயது. பொன்ராஜ் பின்னால் ஓடினான். புளிமூட்டை ஏற்றி வந்த லாரியை நடுரோட்டில் நின்று மறித்தார். திண்டுக்கல் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. அதற்குப் பிறகும் அவர் அவளைக் கீழே வைக்கவில்லை. கம்பவுண்டர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

போலீஸ் வந்தது. பிளந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனது. விபத்து என்று எழுதினார்கள். உடையப்பன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தை சொன்னார்கள். விதி. பொன்ராஜ் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினான். அவன் அழவில்லை. ஆபீசுக்குப் போனான். எருக்குழி அளந்தான். இதைப் படிக்கிறவர்களுக்கு அவன் கல்நெஞ்சன் என்று தோன்றினால் தோன்றட்டும்.

5

இனி வருவதுதான் பிரசுரம். கதை வேண்டாதவர்கள் இதை மட்டும் கிழித்து வைத்துக்கொள்ளலாம்.

பத்து மாதம் கழித்து, பழுதான யூனியன் ஆபீஸ் ஜீப்பின் கூடவே பொன்ராஜ் திண்டுக்கல்லில் ஒரு பட்டறைக்குப் போனான். நத்தத்திலிருந்து ஊருக்குள் நுழைகிற ரோட்டின்மேலேயே இருக்கிறது. பட்டறைக்காரன் மீரானுக்கு அவன் வயதுதான் இருக்கும். ஒல்லி. வாய் ஓயாது.

பிடுங்கிப் போட்ட லாரி சீட் ஒன்றில் ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் பரிதாபமாக உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஒரு நாட்டுத் துப்பாக்கி. கம்பி முழ நீளத்துக்கு வெளியே நின்றது.

பொன்ராஜ் ஜீப்பை மறந்துவிட்டு நின்றான்.

"மடியில வச்சுக் கொஞ்சாதீங்கய்யா, குடுங்க," என்றான் மீரான். முதலில் குதிரையை மெல்லத் தூக்கிக் கேப்பை எடுத்துத் தூரப் போட்டான். பிறகு கம்பியை, குழலுக்கு நேரே முகத்தையோ உள்ளங்கையையோ கொண்டுபோகாமல், பக்கத்திலிருந்து இரண்டு விரலால் உருவினான். துப்பாக்கியைப் பிடிப்பானில் இறுக்கி, வாய் மணல்மூட்டைகளைப் பார்க்கத் திருப்பினான்.

"ஏனுங்க, ஒரு கேப்பப் போட்டுச் சுட்டுப்போட்டா ஆகாதுங்களா?"

"ஆகுமுங்க. உங்க வீட்டுல யாரு வேண்டாம்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துட்டுச் சுடுங்க."

தோட்டக்காரர் லாரி சீட்டில் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

மீரான் எண்ணெய்க் குப்பியில் தண்ணீரை நிரப்பி, கேப்பு மாட்டுகிற மூக்கின் துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டான். "மண்ணெண்ண ஊத்தலாம்னு ஒருத்தன் சொல்லுவான். கேக்காதீங்க. தண்ணிதான். கருமருந்துக்குத் தண்ணி பட்டாப் போச்சு, களி. ஸ்பானரத் தொடுறதுக்கு முந்தித் தண்ணி. இரும்போட இரும்பு ஒரசிப் பொறி கெளம்புனா, பொறவு நாம இல்ல." விட்டுவிட்டு அரைமணி நேரம் லாரிக்கு அடியில் படுத்து வேறு வேலை பார்த்தான். வந்து இன்னும் கொஞ்சம் விட்டான். துளையில் கறுப்புத் தண்ணீர் எதிர்த்து வந்தது.

அப்புறம்தான் ஸ்பானர். மூக்கைக் கழற்றினான். அது இருந்த துளையின் மரைக்குப் பொருந்துகிற மாதிரி, லாரி அச்சில் கிரீஸ் அடிக்கிற முனை ஒன்றைத் தேடிச் சணல் சுற்றி முடுக்கினான். கிரீஸ் பம்பை அதில் மாட்டினான்.

"எல்லாரும் செவுத்துக்கு அந்தப் பக்கம் போங்க," என்றான். இன்னொன்றும் சொன்னான். அதைப் பிறகு எழுதுகிறேன்.

பம்பின் கையை ஏழெட்டுத் தடவை அமுக்கினான். ஒன்றும் ஆகவில்லை. விடாமல் அமுக்க அமுக்க, வெடி இல்லை, புகை இல்லை, குழலின் வாயில் ஈயம் எட்டிப் பார்த்தது. இன்னும் நாலு அமுக்கல். குண்டு நாரையும் கிரீசையும் இழுத்துக்கொண்டு மணலில் 'பொத்'தென்று விழுந்தது.

"சுகப்பிரசவம்," என்றான் மீரான். "போயி வெந்நீர ஊத்திக் கழுவி, காயவச்சு, எண்ணெயப் போடுங்க. அடுத்த தடவை குண்ட அளந்து வார்த்துக்கங்க. கம்பியில ஒரு கோடு போட்டு வையிங்க. கோடு வெளிய தெரிஞ்சா குண்டு எறங்கலைன்னு அர்த்தம்."

"இம்புட்டுத்தானா?" என்றான் பொன்ராஜ்.

"இம்புட்டுத்தான். ரெண்டு டீ குடிக்கிற நேரம்."

"எங்க பக்கம், சாமி முன்னால ஏத்துனத எறக்கக் கூடாதும்பாங்க."

"இத யாரு எறக்குனா? வாய் வழியாத்தான போச்சு? சுட்டாலும் அந்த வழிதான். கொஞ்சம் மெதுவாச் சுட்டிருக்கோம், அம்புட்டுத்தான். போயி உங்க சாமிகிட்டச் சொல்லுங்க, ஒத்துக்கிடும்."

பொன்ராஜ் காலருகே இருந்த கிரீஸ் டின்னை உதைத்தான். டின் உருண்டு போய் ஜீப்பில் மோதியது.

"என்ன தம்பி, குண்டு வந்தா எல்லாரும் சிரிப்பாங்க. நீங்க என் டின்ன ஒதைக்கிறீங்க?"

பொன்ராஜ் சொன்னான். நாலு வாக்கியம். மீரான் கையைத் துடைக்காமல் கேட்டான். தோட்டக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

மீரான் ஆறுதல் சொல்லவில்லை. அவனுக்கும் கோபம்தான் வந்தது. "என் பட்டறை ரோட்டு மேலதான இருந்துச்சு? உங்க ஆபீசு ஜீப்பு மாசாமாசம் இங்கனதான நிக்குது? ஒரு சைக்கிள மிதிச்சு வந்து ஒரு வார்த்த கேக்க முடியலையா?"

விதி என்று சொல்லாத முதல் ஆள் அவன்.

6

கதைக்கு முடிவு வேண்டும் என்றால் சரக்கு இல்லாமல் இல்லை.

முதல் முடிவு: பொன்ராஜ் சிரிக்கவில்லை. துப்பாக்கியைப் பிடுங்கிச் சைக்கிளில் கட்டி மீரானிடம் கொண்டுபோகிறான். சொர்ணலட்சுமி வீட்டில் கடலை அவித்துக்கொண்டிருக்கிறாள். (இந்த முடிவை ஆறு தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் ஆண்டிச்சாமி வழியில் நின்று, 'கருப்பு முன்னால ஏத்துனது மாப்ள' என்கிறார். மருந்து ஏற்றிய துப்பாக்கியைப் பிடித்து இழுத்துச் சண்டை போடுவது அதைவிட மடத்தனம்.)

இரண்டாவது: துப்பாக்கி வெடித்து உடையப்பன் சாகிறார். (ஆசையாக எழுதினேன். அவருக்கு நாலு பெண்கள். கிழித்துவிட்டேன்.)

மூன்றாவது நேற்று மத்தியானம் தானே ஆபீசுக்குள் நடந்து வந்தது.

7

அடுத்த கார்த்திகை. பொன்ராஜ் மேஜையில் இருந்தான். ஆண்டிச்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மாமனார் நிற்க மருமகன் உட்கார்ந்திருப்பதா என்று அவன் எழுந்தான். "உக்காருங்க, இது ஆபீசு," என்றார் அவர்.

அவர் கையில் ஒரு மனு. செகண்ட்ஹேண்டில் ஒரு நாட்டுத் துப்பாக்கி விலைக்கு வந்திருக்கிறது. லைசென்சுக்கு எழுதிப்போட்டிருக்கிறார். பன்றியால் பயிர்ச்சேதம் உண்மைதான் என்று கிராமசேவக் சான்று கொடுக்க வேண்டும். ஒரு கையெழுத்து.

"பன்னி நெசமாவே வருதா?"

"நீங்களே வந்து பாருங்க. முக்காக் குறுக்கம் போச்சு. செவனம்மாளுக்கு ஒடம்புக்கு ஆகல. நானும் ஜோதிமணியும்தான் மாத்தி மாத்தித் தகரத்தத் தட்டுறோம்."

சிவனம்மாள் பொன்ராஜின் மாமியார். ஜோதிமணி சொர்ணலட்சுமியின் தங்கை. பதினாறு வயது. இப்போது அவள் நிற்பது அதே காடு.

பொன்ராஜ் மீரானைப் பற்றிச் சொன்னான். தண்ணீர், ஸ்பானர், கிரீஸ் பம்பு, எல்லாம். கடைசியாக, வெற்றி பெறுகிற வக்கீல்போல், அந்த வாதத்தை வைத்தான். "எறக்குறது இல்ல மாமா. வாய் வழியாத்தான் போவுது. கருப்புக்குக் குடுத்ததப் பிடுங்குன மாதிரி ஆகாது. உங்க வழக்கத்துக்கு ஒரு குத்தமும் இல்ல."

ஆண்டிச்சாமி தலையாட்டினார். "ஆமா, குத்தமில்லதான்," என்றார்.

"அப்ப, குண்டு சிக்குனா இப்படிச் செய்வேன்னு சொல்லுங்க. இந்தா கையெழுத்துப் போடுறேன்."

"செய்ய மாட்டேன் மாப்ள."

"ஏன்?"

"பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கிடட்டுமா? எனக்கு அது வராது."

"ஏன்னு கேக்குறேன். சொர்ணம் போனதுக்கு அப்புறமுமா?"

"அவ போனதுனாலதான்." அவர் குரல் உயரவில்லை. "ஒரு தம்ளர் தண்ணி ஊத்தியிருந்தா எம்மவ இருந்திருப்பான்னு ஒத்துக்கிட்டா, அப்புறம் நான் எப்படி மாப்ள சோத்துல கைய வைக்கிறது?"

பொன்ராஜுக்குக் கோபம் தலைக்கேறியது. மேஜையில் ஓங்கிக் குத்தினான். மைக்கூடு சாய்ந்தது. "ஜோதிமணி அங்க நிக்கிறா. நீங்க சோறு திங்கிறதுக்காக அவளுஞ் சாகணுமா?"

ஆண்டிச்சாமி இடுப்பிலிருந்து துண்டை உருவினார். மை மனுவின்மேல் பரவாமல் ஒற்றி எடுத்தார். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல்: "ஒண்ணு மட்டும் பிடிபடல மாப்ள. நான் குனிஞ்சு சணல் முடிச்சப் பாத்துக்கிட்டிருந்தேன். முன்னால, தூரத்துல நின்ன புள்ள. அங்கனயே நின்னிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. அவ எப்படிப் பக்கத்துக்கு வந்தா? யாரு சொல்லி வந்தா? கருப்புதான் கூட்டியாந்து நிறுத்தியிருக்கணும். அவனே நெனச்சுட்டா, நாம தண்ணி ஊத்தி என்ன, கிரீசு அடிச்சு என்ன?"

மனுவை மேஜையிலேயே வைத்துவிட்டு, திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார்.

இப்போது எழுதுகிறேன்.

அப்போது பொன்ராஜ், "ஏய் சொர்ணம், குழலுக்கு நேரா நிக்காத! இங்கிட்டு வா!" என்று கூப்பிட்டான். அவள் செடியைப் போட்டுவிட்டு வந்தாள். அவன் பனைமரத்துக்குப் பக்கவாட்டில் கிணற்று மேட்டைக் கையால் காட்டினான். அவள் அங்கே நின்று, "இங்கனயா?" என்றாள். "அங்கனதான். அசையாத," என்றான். அவள் அசையவில்லை.

மீரான் அன்று பட்டறையில் சொன்ன இன்னொன்று இது: "பக்கத்துல ஒருத்தரும் நிக்கக் கூடாது. எல்லாரும் முன்னாலதான் ஆபத்துன்னு நெனைப்பாங்க. குழலு வெடிச்சா இரும்பு பக்கத்துலதான் பறக்கும்." டின்னை உதைத்தது அதற்காக. பிரசுரத்தில் எட்டு வரி எழுதினேன் என்றேன். ஒன்பதாவது இந்த வரி. வேண்டுமென்றே விட்டேன். மாமனாருக்கு ஒரு சாமி கிடைத்ததுபோல் எனக்கு ஒரு சிவப்பு மை கிடைத்தது. இலாகாக்கள் அச்சடிக்க மறுத்தன என்று ஆறு பகுதிகளாகக் கத்தியிருக்கிறேன். அச்சடித்திருந்தால், அதைப் படித்த எவனோ ஒருவன் தன் மனைவியைப் பக்கவாட்டில்தான் நிறுத்தியிருப்பான்.

8

திங்கட்கிழமை இன்னும் வரவில்லை. இதை எழுதுவது ஞாயிறு.

கையெழுத்துப் போட்டால், கருப்புதான் கொன்றான் என்று நம்புகிற ஒருவர் கையில் துப்பாக்கி. போடாவிட்டால், கடலை போகும். ஜோதிமணி பன்றிக்கு முன்னால் தகரத்தோடு நிற்பாள். இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதற்குக் கிரீஸ் பம்பு தேவையில்லை. நான் ஒரு வாக்கியம் சொன்னால், அவளைக் கூப்பிட்டது கருப்பு இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். கருப்பு இல்லை என்றால் தண்ணீர் ஊற்றலாம். ஆனால் அந்த வாக்கியம் அவரிடம் மிச்சமிருக்கிற ஒரே ஆறுதலையும் பிடுங்கிக்கொள்ளும். என்னை என்ன செய்யும் என்பதை விடுங்கள்.

முதலில் இப்படி முடித்திருந்தேன்: 'அவருக்கு எழுத்துத் தெரியாது. நத்தம் பக்கத்து வாசகர் யாராவது ஏழாம் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.' அடித்துவிட்டேன். எட்டி நின்று சணலை இழுக்கிற புத்தி அது.

நானே சொல்வேன். எழுதியும் வைத்துவிட்டேன்:

ஆண்டிச்சாமி உள்ளே வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார். பொன்ராஜ் பேனாவைக் கையில் எடுக்கவில்லை.

"மாமா, சொர்ணத்த அங்க கூப்பிட்டு நிறுத்துனது நான்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்து,

இதற்கு மேல் நான் எழுதினால் அது பொய். எழுதிப் பார்த்தேன். அவர் என்னை அடித்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அதிலும் நிம்மதியாக இருந்தது. எனக்கு நிம்மதி தருகிற எந்த முடிவையும் நான் நம்பவில்லை. ஆகவே அவருடைய பதிலை நீங்கள் எழுதுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன். எனக்கு மன்னிப்பு வாங்கித் தர வேண்டாம். அவரை ஞானியாக்கவும் வேண்டாம். அவர் சொல்லப்போகிற வார்த்தையைப் பொறுத்துத்தான் ஜோதிமணி எங்கே நிற்பாள் என்பது இருக்கிறது. அதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

"............................................................"